திசையறி ஓட்ட நிலப்படத்துக்கான களப்பணி

திசையறி ஓட்ட நிலப்படத்துக்கான களப்பணி என்பது, ஓரியன்டியரிங் எனப்படும் திசையறி ஓட்டத்துக்கு வேண்டிய நிலப்படத்தை வரைவதற்காக, ஒரு காட்டையோ மரஞ்செறிந்த பூங்காவையோ நடந்து பார்த்து, அங்குள்ள நிலவடிவங்கள், பாதைகள், நீர்நிலைகள், பாறைகள், தாவர அடர்த்தி முதலியவற்றை அடிப்படை நிலப்படம் ஒன்றின் மேல் குறித்துக்கொள்ளும் பணியாகும். இப்பணியைச் செய்பவர் பெரும்பாலும் அவ்விளையாட்டில் பயிற்சி உள்ளவராக இருப்பார். ஓரிடத்தில் உள்ள எல்லாவற்றையும் பதிவு செய்வது இவருடைய நோக்கம் அன்று. ஓடிவரும் ஒருவர் அங்கே எதைக் காண்பார், எதை நம்பித் தன் வழியைத் தீர்மானிப்பார் என்பதை அறிந்து வரைவதே நோக்கமாகும்.

திசையறி ஓட்டத்தில் போட்டியாளர்கள் நிலப்படத்தையும் திசைகாட்டியையும் மட்டும் துணையாகக் கொண்டு, நிலப்படத்தில் வட்டமிட்டுக் காட்டப்பட்டுள்ள குறியிடங்களை வரிசைப்படி அடைந்து, குறைந்த நேரத்தில் ஓடி முடிக்க முயல்கின்றனர். ஒரு குறியிடத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வழியாகச் செல்வது என்பது போட்டியாளரின் விருப்பம். நிலப்படம் பொதுவாகப் புறப்படும் நேரத்தில்தான் கையில் கொடுக்கப்படும். ஆகவே நிலத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அத்தாளில் உள்ளது மட்டுமே. அத்தாள் பிழையாக இருந்தால், அதை நம்பிச் சரியாக வாசித்தவர் தோற்பதும், வாசிக்காமல் முன்னால் ஓடுபவரைப் பின்தொடர்ந்தவர் வெல்வதும் நேரும். களப்பணியில் காட்டப்படும் அளவுகடந்த கவனத்துக்குக் காரணம் இதுவே.

பின்னணி

பொதுமக்களுக்கான முதலாவது திசையறி ஓட்டப் போட்டி 1897 அக்டோபர் 31 அன்று நோர்வேயின் ஒஸ்லோ நகருக்கு அருகில் நடைபெற்றது. சுவீடனில் ஏர்ன்ஸ்ட் கில்லாண்டர் 1919 ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமுக்கு அருகே நடத்திய பெரிய போட்டிக்குப் பின்னர் இவ்விளையாட்டு நோர்டிக் நாடுகளில் வேகமாகப் பரவியது. அக்காலத்தில் இதற்கெனத் தனி நிலப்படங்கள் இருக்கவில்லை. அரசு அளவைத் துறைகள் வெளியிட்ட நிலப்படங்களே பயன்பட்டன. அவை சாலை, ஊர், எல்லை என்பவற்றைக் காட்டுவதற்காக வரையப்பட்டவை. காட்டின் உட்பகுதி அவற்றில் பெரும்பாலும் ஒரே பச்சை நிறமாக இருக்கும். அதனால் அக்காலப் போட்டிகளின் குறியிடங்கள் ஓடைகள் கூடுமிடம், குன்றின் உச்சி போன்ற பெரிய நிலக்கூறுகளிலேயே வைக்கப்பட்டன. சிறு பள்ளத்தில் வைத்தால் அதைக் கண்டுபிடிப்பது திறமையாக இராமல் நற்பேறாக முடிந்துவிடும்.

இவ்விளையாட்டுக்கெனப் பல நிறங்களில் அச்சிடப்பட்ட நிலப்படம் முதன்முதலில் 1950 ஆம் ஆண்டில் நோர்வேயில் வெளிவந்தது. 1961 ஆம் ஆண்டில் பத்து நாடுகள் சேர்ந்து கோபன்ஹேகனில் பன்னாட்டுத் திசையறி ஓட்டக் கூட்டமைப்பை நிறுவின. சில ஆண்டுகளில் அதன் நிலப்படக் குழு உருவாகி, எல்லா நாடுகளுக்கும் பொதுவான குறியீடுகளை வகுக்கத் தொடங்கியது. இப்பன்னாட்டு நிலப்பட விதிகள் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. 2000, 2017 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகள் இவற்றுள் அடங்கும். 2001 ஆம் ஆண்டில் பின்லாந்தின் தம்பரே நகரில் நடந்த உலகப் போட்டியில் குறுந்தொலைவு ஓட்டம் சேர்க்கப்பட்டது. இவ்வகை ஓட்டம் பூங்காக்களிலும் நகர்ப்புறங்களிலும் நடப்பதால், அதற்கெனத் தனி விதிகள் தேவைப்பட்டன. அவற்றின் புதிய வடிவம் 2019 ஆம் ஆண்டுக்குரியது.

ஒரு பூங்காவை எந்த விதிப்படி வரைவது என்பது களப்பணிக்கு முன்பே தீர்மானிக்கப்படவேண்டும். காட்டு விதிப்படி அளவுத்திட்டம் 1:15,000 ஆகும். சிறிய இடங்களுக்கும் முதியோர், சிறுவர் பிரிவுகளுக்கும் அதையே பெருக்கி 1:10,000 இல் அச்சிடுவர். சமவுயரக் கோடுகளின் இடைவெளி 5 மீட்டர். தட்டையான நிலத்தில் 2.5 மீட்டராகக் கொள்ளலாம். குறுந்தொலைவு விதிப்படி அளவுத்திட்டம் 1:4,000. இதில் ஒவ்வொரு வேலியும் படிக்கட்டும் மதிலும் காட்டப்படுவதோடு, கடக்கக்கூடாதவை என்று குறிக்கப்பட்டவற்றைக் கடக்கும் போட்டியாளர் தகுதி நீக்கம் செய்யப்படுவார். ஒரு வேலிக்கு எந்தக் கோட்டை இடுவது என்ற சிறு முடிவு, ஒருவரின் போட்டி முடிவையே மாற்றக்கூடியதாகின்றது.

அடிப்படை நிலப்படம்

வெறுந்தாளுடன் எவரும் களத்துக்குச் செல்வதில்லை. முன்னாளில் அரசு நிலப்படங்களும், வான்வழி ஒளிப்படச் சோடிகளிலிருந்து வரையப்பட்ட உருவரைகளும் அடிப்படையாகப் பயன்பட்டன. ஒளிப்பட முறையில் மரத்தின் உச்சி தெரியும், தரை தெரியாது. ஊசியிலைக் காடுகளில் அந்த உருவரை பெரும்பாலும் ஊகமே.

இந்நிலையை மாற்றியது லிடார் எனப்படும் சீரொளி அளவை முறையாகும். வானூர்தியிலிருந்து செலுத்தப்படும் சீரொளித் துடிப்புகளில் ஒரு பகுதி இலைகளின் இடைவெளி வழியே தரையைத் தொட்டுத் திரும்புகின்றது. அப்புள்ளிகளை மட்டும் பிரித்தெடுத்தால் மரங்களை நீக்கிய தரையின் உருவம் கிடைக்கும். பழைய வண்டித்தடங்கள், மண்கரைகள், குழிகள் எல்லாம் அதில் வியக்கத்தக்க தெளிவுடன் தோன்றுகின்றன. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை தனது லிடார் தரவுகளை 2015 ஆம் ஆண்டு முதல் கட்டணமின்றி வழங்குகின்றது. பின்லாந்தில் உருவான கார்ட்டாபுல்லவுட்டின் என்னும் மென்பொருள் இத்தகைய தரவிலிருந்து திசையறி ஓட்ட நிலப்படம் போன்ற ஒன்றைத் தானாகவே ஆக்கித் தருகின்றது.

இதைக் கண்டு களப்பணி இனித் தேவையில்லை என்று கருதுவோர் உண்டு. ஆனால் லிடாருக்கும் குறைகள் உள்ளன. என்றும் பசுமையான அடர்ந்த புதருக்குள் சீரொளி புகாததால், அங்கே கணினி சுற்றியுள்ள புள்ளிகளை வைத்துத் தரையை நிரப்பிவிடுகின்றது. நிலப்படத்தில் அவ்விடம் இயற்கைக்கு மாறாக வழுவழுப்பாகத் தோன்றும். அடுக்கிவைத்த மரக்கட்டைகளும் தாழ்ந்த முட்புதர்களும் சிலவேளை சிறு மேடுகளாக உருவெடுக்கும். ஒரு பாதை இன்றும் நடக்கப்படுகின்றதா, நூறு ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டதா என்பதையும் தரையின் உருவம் சொல்லாது. தரவு கூர்மையாகக் காட்டும் ஒன்று, நடந்து செல்பவரின் கண்ணுக்குத் தெரியாத அரை மீட்டர் அலையாக இருக்கக்கூடும்.

அடிப்படை நிலப்படத்தில் காந்த வடக்குக் கோடுகளும் வரையப்பட்டிருக்க வேண்டும். திசையறி ஓட்ட நிலப்படங்கள் உண்மை வடக்கை விடுத்துக் காந்த வடக்கையே மேற்புறமாகக் கொள்பவை. 1:15,000 நிலப்படத்தில் இக்கோடுகள் நிலத்தில் 300 மீட்டருக்கு ஒன்றாக அமைகின்றன. காந்த வடக்கு நிலையாக நிற்பதில்லை. 1970களில் இலண்டனில் திசைகாட்டி உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 7 பாகை மேற்கே காட்டியது. 2019 ஆம் ஆண்டில் கிரீனிச்சில் இவ்வேறுபாடு சுழியாயிற்று. ஏறத்தாழ 360 ஆண்டுகளில் இது முதன்முறை. அக்காலத்து நிலப்படத்தை அப்படியே பெருக்கி இன்று அடிப்படையாகக் கொள்பவர், 500 மீட்டர் சென்றதும் 60 மீட்டர் விலகி நிற்பார்.

களத்தில் வேலை நடைபெறும் விதம்

களப்பணியாளரின் கருவிகள் எளியவை. ஒளி ஊடுருவும் நெகிழித் தாளை அடிப்படை நிலப்படத்தின் மேல் ஒட்டிய சிறு வரைபலகை, கூர்மையான வண்ணப் பென்சில்கள், அழிப்பான், திசைகாட்டி ஆகியவை போதும். நெகிழித் தாள் மழையில் நனைந்தாலும் கிழிவதில்லை. தாளின் அளவுத்திட்டம் இறுதி நிலப்படத்தைப்போல் இருமடங்காக, அதாவது 1:7,500 ஆகவோ 1:5,000 ஆகவோ இருக்கும். தாளுக்குப் பதிலாக ஜி.பி.எஸ். இணைந்த கைக்கணினியில் நேரடியாக வரைபவர்கள் இன்று பலராவர். எனினும் தாளில் வரைபவர்களும் உள்ளனர். ஒரே பார்வையில் பெரிய பரப்பைக் காணலாம் என்பதும், மின்கலம் தீர்ந்துபோகாது என்பதும் அவர்கள் கூறும் காரணங்கள்.

முதலில் பரப்பு சிறு கூறுகளாகப் பிரிக்கப்படும். பாதை, ஓடை, வேலி போன்ற தெளிவான கோடுகளே கூறுகளின் எல்லைகள். இவ்வெல்லைகளை நடந்து சரிபார்த்த பின்னரே உட்பகுதிக்குள் செல்லவேண்டும். இம்முறையை மாற்றி, காட்டின் நடுவிலிருந்து தொடங்குபவர் ஒரு நாள் முழுதும் வரைந்தவை மறுநாள் பாதையுடன் பொருந்தாமற்போவதைக் காண்பார்.

உட்பகுதியில் 20 அல்லது 30 மீட்டர் இடைவெளியில் போகவும் வரவும் நடந்து, பார்க்கப்படாத இடம் எதுவும் எஞ்சாமற் செய்வர். காணப்படும் ஒவ்வொரு பொருளின் இடமும் முன்பே உறுதியான ஒரு புள்ளியிலிருந்து திசையும் தொலைவும் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றது. தொலைவைக் காலடிகளால் அளப்பது வழக்கம். ஒரு காலைத் தரையில் ஊன்றும்போது மட்டும் எண்ணினால் கணக்கு எளிதாகும். சமதரைப் பாதையில் 100 மீட்டருக்குப் பலருக்கும் 60 முதல் 65 வரை வரும். புதரிலும் ஏற்றத்திலும் இவ்வெண் கூடும். ஆகவே ஒவ்வொருவரும் தமது எண்ணை வெவ்வேறு தரைகளில் முன்கூட்டியே அறிந்துவைத்திருக்க வேண்டும். ஐயம் இருந்தால், தெரிந்த மூன்று புள்ளிகளிலிருந்து திசை பார்த்து மூன்று கோடுகளை வரைவர். மூன்றும் ஒரே புள்ளியில் கூடுவது அரிது. அவை அமைக்கும் சிறு முக்கோணத்தின் பருமனே பிழையின் பருமன்.

ஜி.பி.எஸ். கருவி இவ்வேலையில் பெரிதும் உதவுகின்றது. ஆனால் இலைக்கூரையின் கீழ் அதன் பிழை பல மீட்டர்களாக வளரும். ஒரே குழியைக் காலையிலும் மாலையிலும் குறித்தால் இரண்டு குழிகள் கிடைக்கலாம். களப்பணியில் முதன்மையானது அருகருகே உள்ள பொருள்களின் சார்பு நிலை. ஒரு பாறை பாதைக்கு இடப்புறம் உள்ளதா வலப்புறம் உள்ளதா என்பதில் பிழை நேர்ந்தால் போட்டியே கெடும். முழுப் பூங்காவும் புவியில் இரண்டு மீட்டர் நகர்ந்திருந்தால் ஓடுபவர் எவரும் அதை உணரார்.

நிலவடிவத்தை வரைவதே களப்பணியில் கடினமான பகுதி. லிடார் தரும் சமவுயரக் கோடுகள் அளவில் சரியானவை. ஆயினும் ஐந்து மீட்டர் இடைவெளிக்குள் ஒன்றரை மீட்டர் ஆழமான ஒரு சிறு மடிப்பு அடங்கி மறைந்துவிடும். ஓடுபவருக்கோ அம்மடிப்பே வழிகாட்டி. இதற்காகக் கோட்டின் உயரத்தைச் சற்றே மாற்றி வரைய விதிகள் இடமளிக்கின்றன. மாற்றம் இடைவெளியின் 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது. அதாவது 5 மீட்டருக்கு 1.25 மீட்டர். அதுவும் போதாவிடில் இடைக்கோடு எனப்படும் விட்டுவிட்டு வரையப்படும் கோடு இடப்படுகின்றது. ஒரு மடிப்பை மேலிருந்தும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்த பின்னரே வரையவேண்டும் என்பது அனுபவமுள்ளவர்களின் அறிவுரை. மேலிருந்து வருபவருக்குத் தெளிவான பள்ளமாகத் தெரிவது, கீழிருந்து ஏறுபவருக்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றலாம்.

விட்டுவிடுதல்

புதிதாகக் களப்பணி செய்பவர்கள் கண்டதையெல்லாம் வரைந்துவிடுவர். அவர்களுடைய நிலப்படம் நின்று பார்ப்பவருக்கு அழகாக இருக்கும். ஓடிக்கொண்டே வாசிப்பவருக்குப் பயன்படாது. இதைச் சில எண்களால் விளங்கிக்கொள்ளலாம். 1:15,000 நிலப்படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 15 மீட்டர். சமவுயரக் கோட்டின் தடிப்பு 0.14 மில்லிமீட்டர். அது நிலத்தில் 2 மீட்டருக்கு மேற்பட்ட அகலத்தை அடைக்கின்றது. பாறையைக் குறிக்கும் கரும்புள்ளியின் விட்டம் 0.4 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் உயரமுள்ள சிறு பாறை, தாளில் 6 மீட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது என்பது இதன் பொருள். அடுத்தடுத்த இரு மெல்லிய கோடுகளுக்கு இடையே குறைந்தது 0.15 மில்லிமீட்டர் வெளி இருக்கவேண்டும். எனவே நான்கு மீட்டர் இடைவெளியில் உள்ள மூன்று பாறைகளை மூன்றாகக் காட்டுவது இயலாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும், அல்லது மூன்றையும் ஒரு பாறைக்கூட்டக் குறியால் காட்டவேண்டும்.

பாறை, குன்றுமேடு, குழி என்பவற்றைக் காட்டுவதற்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் அல்லது ஆழம் என்ற கீழெல்லை உண்டு. ஆனால் எல்லையைத் தாண்டியவை யாவும் இடம்பெற உரிமை பெற்றுவிடுவதில்லை. தனித்து நிற்கும் ஒரு மீட்டர் பாறை சமதரையில் கட்டாயம் காட்டப்படும். அதே அளவுப் பாறை, பாறைகள் நிறைந்த சரிவில் விடப்படும். எது எங்கே தனித்துத் தெரிகின்றது என்று தீர்மானிப்பதை எந்த விதிநூலும் முழுமையாகக் கற்பித்துவிட முடியாது.

தாவர அடர்த்தி

இவ்வகை நிலப்படத்தில் வெண்மை என்பது வெற்றிடம் அன்று. தடையின்றி ஓடத்தக்க காட்டையே வெள்ளை நிறம் குறிக்கின்றது. மஞ்சள் திறந்த வெளி. பச்சையின் மூன்று சாயல்கள் ஓட்டத்தின் வேகம் குறையும் அளவைக் காட்டுகின்றன. இயல்பான வேகத்தில் 60 முதல் 80 விழுக்காடு கிட்டுமிடம் இளம்பச்சை, 20 முதல் 60 வரை நடுப்பச்சை, 20க்கும் குறைவு கரும்பச்சை. தாழ்ந்த செடிகளால் கால் தடைபட்டும் பார்வை தடைபடாத இடங்களுக்குப் பச்சை நிறச் செங்குத்துக் கோடுகள் இடப்படுகின்றன.

இருவர் சேர்ந்து ஒரு பூங்காவை வரையும்போது பூசல் எழுவது பெரும்பாலும் இப்பச்சையில்தான். ஒருவரின் இளம்பச்சை மற்றவரின் நடுப்பச்சையாக இருக்கும். இதைத் தீர்க்க ஓடிப் பார்ப்பதே வழி. திறந்த காட்டில் 100 மீட்டரை 30 நொடியில் கடப்பவர் புதரில் அதே தொலைவுக்கு 60 நொடி எடுத்தால், வேகம் பாதியாகிவிட்டது. அது நடுப்பச்சை. களப்பணி தொடங்கும் முதல்நாளில் எல்லோரும் ஒன்றாக நடந்து, சில இடங்களை அளவுகோலாக ஏற்றுக்கொள்வது நல்லது. தாவரத்தின் எல்லை கூர்மையாகத் தெரிந்தால் கரும்புள்ளிகளால் வரையப்படும். மெல்ல மெல்ல மாறும் இடத்தில் அப்புள்ளிகளை இடுவது, இல்லாத ஓர் எல்லையைத் தேடுமாறு போட்டியாளரை ஏவுவதற்கு ஒப்பாகும்.

எடுத்துக்காட்டு: எப்பிங் காடு

இலண்டனின் வடகிழக்கில் உள்ள எப்பிங் காடு, மேற்சொன்ன சிக்கல்கள் பலவற்றை ஒருங்கே கொண்ட இடமாகும். தெற்கே ஃபாரஸ்ட் கேட் பகுதியிலிருந்து வடக்கே எப்பிங் ஊர் வரை, லீ, ரோடிங் ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குகளுக்கு இடைப்பட்ட மேட்டுநிலத்தில் ஏறத்தாழ 2,400 எக்டேர் பரப்பில் இது நீண்டு கிடக்கின்றது. 1878 ஆம் ஆண்டின் எப்பிங் காட்டுச் சட்டத்தால் வேலியிடப்படாமற் காக்கப்பட்டு, இலண்டன் மாநகராட்சியின் பொறுப்பில் மக்களுக்குரிய வெளியாக விடப்பட்டது. திசையறி ஓட்டப் போட்டிகள் இங்கே நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன.

அச்சட்டத்துக்கு முன்னர் சுற்றுப்புற மக்களுக்கு இங்கே விறகு வெட்டும் உரிமை இருந்தது. கால்நடைகளுக்கு எட்டாத உயரத்தில் மரங்களைக் கவ்வாத்து செய்து, கிளைகளை மட்டும் எடுத்துச் செல்வர். அவ்வாறு வெட்டப்பட்ட பீச், ஹார்ன்பீம், ஓக் மரங்கள் பருத்த அடிமரத்துடனும் விரிந்த தலையுடனும் பல்லாயிரக்கணக்கில் இன்றும் நிற்கின்றன. தனித்துத் தெரியும் பெருமரத்தைப் பச்சை வட்டத்தால் காட்ட விதி உண்டு. ஒவ்வொரு மரமுமே காண்போரை நிற்கவைக்கும் இக்காட்டில் அவ்விதியைப் பயன்படுத்த வழியில்லை. திறந்த வெளியின் நடுவே நிற்கும் மரத்துக்கு மட்டும் அக்குறி போதும். அழகைப் பதிவு செய்வது களப்பணியாளரின் வேலை அன்று என்பதை இங்கே ஏற்றுக்கொள்வது சற்றுக் கடினமே.

மேட்டுநிலத்தின் உச்சிப் பகுதிகளில் சரளைக்கல் படிந்துள்ளது. அதைத் தோண்டி எடுத்த பழைய குழிகள் கூட்டங்கூட்டமாக உள்ளன. சில நீர் நிரம்பிக் குளங்களாகிவிட்டன. முப்பது மீட்டர் பரப்பில் பத்துப் பதினைந்து குழிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், ஆழமான இரண்டு மூன்றை மட்டும் தனித்தனியே காட்டி, எஞ்சிய பரப்புக்குக் குலைந்த தரையைக் குறிக்கும் பழுப்புப் புள்ளிகளை இடுவதே தகும். இத்தகைய இடத்தில் குறியிடம் வைக்க விரும்புவோர், குறியிடம் உள்ள குழி நிலப்படத்திலும் தனியாகத் தெரிகின்றதா என்று களப்பணியாளரிடம் கேட்டறிவது வழக்கம். கோடையில் வற்றி மாரியில் நிரம்பும் குளங்களுக்குக் கரையை எங்கே வரைவது என்பதும் எளிய கேள்வியன்று. போட்டி நடைபெறும் பருவத்தின் நீர்மட்டத்தைக் கொள்வது பொதுவான நடைமுறை.

இக்காட்டினுள் லௌட்டன் கோட்டை, ஆம்பிரஸ்பரி கரை ஆகிய இரண்டு இரும்புக்கால மண்கோட்டைகள் உள்ளன. லௌட்டன் கோட்டை மரங்களுக்கிடையே மறைந்திருந்து 1872 ஆம் ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்டது. கண்முன் இருந்தும் அத்தனை காலம் எவர் கவனத்துக்கும் வராத இதே மண்கரை, இன்று லிடார் படத்தில் முதற்பார்வையிலேயே வளையமாகத் தெரிகின்றது. இவை பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்கள் என்பதால் ஓட்டப் பாதையை இவற்றின் மேல் அமைப்பது முறையன்று. ஆயினும் நிலப்படத்தில் அவற்றைத் துல்லியமாகக் காட்டவேண்டும். தவிர்க்கவேண்டிய இடம் எதுவெனத் தெரிந்தால்தான் தவிர்க்க முடியும்.

பாதைகளே இங்கே பெருந்தொல்லை. அகலமான குதிரைப் பாதைகளைத் தவிர, நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் மான்களும் உண்டாக்கிய தடங்கள் எண்ணிறந்தவை. சேறான இடத்தைச் சுற்றிச் செல்லப் புதிதாக ஒரு தடம் தோன்றும். அடுத்த ஆண்டு அதுவும் சேறாகி மற்றொன்று தோன்றும். அனைத்தையும் வரைந்தால் நிலப்படம் சிலந்திவலையாகும். எதையும் வரையாவிடில், நிலத்தில் தெளிவான பாதையில் நிற்பவர் அதைத் தாளில் காணாமல் தான் வழிதவறியதாக எண்ணுவார். நடைமுறையில் பின்பற்றப்படும் ஒரு சோதனை பின்வருமாறு: ஒரு தடத்தைக் குறுக்காக ஓடிக் கடப்பவர் அதைக் கவனிப்பாரா, அதன்வழியே நூறு மீட்டர் ஐயமின்றித் தொடர்ந்து செல்ல முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் வரையலாம். இலையுதிர்ந்து தரை மூடிய பின்னும் ஒருமுறை இச்சோதனையைச் செய்துபார்ப்பது நல்லது.

மரத்தின் கீழே வளரும் ஹாலி என்னும் முள்ளிலைத் தாவரம் குளிர்காலத்திலும் இலை உதிர்ப்பதில்லை. அதன் அடர்ந்த திட்டுகள் பார்வையையும் ஓட்டத்தையும் ஒருசேரத் தடுப்பதால் முழுப்பச்சையாகக் காட்டப்படும். லிடார் தரையைத் தவறவிடுவதும் இத்தகைய திட்டுகளில்தான். ஆகவே உள்ளே புகுந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை. கையில் கீறலின்றி வெளியே வந்தவர் உள்ளே சரியாகப் பார்க்கவில்லை என்று எண்ண இடமுண்டு. முட்கொடிகளும் பெரணிகளும் இதற்கு மாறானவை. அவை கோடையில் இடுப்பளவு வளர்ந்து, குளிர்காலத்தில் படுத்துவிடும். இவற்றுக்குச் செங்குத்துக் கோட்டுக் குறி பொருந்தும்.

இக்காட்டின் சில பகுதிகளில் மாடுகள் மேய விடப்படுகின்றன. அவற்றின் கழுத்தில் உள்ள கருவி, எல்லையை நெருங்கும்போது ஒலியெழுப்பி அவற்றைத் திருப்பிவிடுவதால், தரையில் வேலி இல்லை. நிலப்படத்திலும் எல்லையாகக் காட்ட எதுவும் இல்லை.

பருவமும் நேரமும்

வட ஐரோப்பாவில் களப்பணிக்கு உகந்த காலம் இலை துளிர்ப்பதற்கு முந்திய இளவேனிலும், இலை உதிர்ந்த பின்னான காலமுமாகும். அப்போது பார்வை எட்டும் தொலைவு கூடுதல். ஆனால் முட்கொடிகள் அப்போது தணிந்திருப்பதால், கோடைப் போட்டிக்காக வரைபவர் ஏமாறக்கூடும். பகற்பொழுது குறுகியது என்பதும் ஒரு குறை.

ஒரு சதுர கிலோமீட்டர் காட்டுக்கு 20 முதல் 40 மணிநேரக் களப்பணி தேவைப்படும் எனப் பொதுவாகக் கணிக்கப்படுகின்றது. சிக்கலான நிலத்தில் இதற்கு மேலும் ஆகும். ஒரு நாளில் ஐந்தாறு மணிநேரத்துக்கு மேல் கவனம் நிலைப்பதில்லை. பெரும்பாலான கழகங்களில் இதைத் தன்னார்வலர்களே வார இறுதிகளில் செய்வதால், ஒரு பூங்காவை முடிக்கப் பல மாதங்கள் செல்லும். நிலத்தை நிருவகிப்போரிடம் முன்அனுமதி பெறுவதும், பறவைகள் கூடு கட்டும் காலத்தில் ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குள் செல்லாதிருப்பதும் கட்டாயம். புதர்களில் உண்ணிகள் உள்ள நாடுகளில் ஒவ்வொரு மாலையும் உடலைச் சோதித்துப் பார்க்கவேண்டும். உண்ணிக்கடியால் பரவும் லைம் நோய் களப்பணியாளர்களுக்கு உண்மையான இடர் ஆகும்.

வரைந்து முடித்தல்

களத்தில் வரைந்த தாளை அன்று மாலையே கணினியில் ஏற்றிவிடுவது நல்ல பழக்கம். நினைவு மங்கிய பின் தாளில் உள்ள பாதிக் குறிப்புகளுக்குப் பொருள் தெரியாது. முன்னாளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நெகிழித் தாளாக மையால் கையால் வரைந்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டனர். 1980களின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் உருவான ஓகேட் என்னும் மென்பொருள் இம்முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. கட்டற்ற மென்பொருளான ஓப்பன்ஓரியன்டியரிங் மேப்பர் இன்று கட்டணமின்றிக் கிடைக்கின்றது. கைப்பேசியிலும் இயங்குவதால் களத்திலேயே இதைப் பயன்படுத்துவோரும் உண்டு.

அச்சுக்கு முன் அவ்விடத்தை அறியாத ஒருவரிடம் நிலப்படத்தைக் கொடுத்து ஓடிப் பார்க்கச் செய்வர். வரைந்தவர் தன் நினைவில் உள்ளதையும் சேர்த்து வாசிப்பதால் அவருடைய பிழை அவருக்குத் தெரிவதில்லை. சோதித்தவர் தயங்கி நின்ற இடங்களைக் குறித்துத் தந்தால், களப்பணியாளர் மீண்டும் அவ்விடங்களுக்குச் செல்வார்.

நிலப்படத்தின் ஓரத்தில் அளவுத்திட்டம், சமவுயர இடைவெளி ஆகியவற்றுடன் களப்பணி செய்யப்பட்ட ஆண்டும் அச்சிடப்படுகின்றது. பாதைகளும் தாவரமும் மாறிக்கொண்டே இருப்பதால், பெரிய போட்டி ஒன்றுக்கு முன் மறுகளப்பணி செய்யப்படும். 1987 அக்டோபர் 15 இரவிலும் மறுநாள் விடியற்காலையிலும் தென்கிழக்கு இங்கிலாந்தில் வீசிய பெரும்புயல் ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் மரங்களைச் சாய்த்தது. அத்தகைய புயல் கடந்த காட்டில் வெள்ளையாக இருந்த பகுதிகள் விழுந்த மரங்களால் பச்சையாகும், பச்சையாக இருந்தவை வெளியாகும். சமவுயரக் கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றுக்காகக் களப்பணியை முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும்.